யார்க் நகரின் வணிகர் கூடம்: போகுமுன் கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் படிக்கும், வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து பெற்றோர் வந்தால், யார்க் நகரத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போவது வழக்கம். பேராலயத்தையும் ஷாம்பிள்ஸ் தெருவையும் சுற்றிவிட்டு மாலை ரயிலைப் பிடித்துவிடுவார்கள். ஷாம்பிள்ஸிலிருந்து சில நிமிட நடைதான், 1357-இல் கட்டத் தொடங்கிய மரக் கட்டடம் ஒன்று ஆற்றோரத்தில் நிற்கிறது. பெயர் மெர்ச்சன்ட் அட்வென்ச்சரர்ஸ் ஹால். வணிகர் சங்கம் ஒன்று தனக்காகக் கட்டிக்கொண்ட கூடம் அது. இன்று அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. நான் அங்கே பல முறை போயிருக்கிறேன், உறவினரையும் நண்பரையும் அழைத்துப் போயிருக்கிறேன். அவர்கள் கேட்டவையும், பிறகு போக நினைத்தவர்கள் என்னிடம் கேட்டவையும் இங்கே சேர்ந்திருக்கின்றன.

எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து யார்க்குக்கு நேரடி ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். யார்க் நிலையத்தில் இறங்கி ஊஸ் ஆற்றைக் கடந்து இருபது நிமிடம் நடந்தால் ஃபாஸ்கேட் தெரு வந்துவிடும். யார்க்கில் 'கேட்' என்று முடியும் தெருப் பெயர்கள் நிறைய. வாயிலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஒரு காலத்தில் கடல் வழியாக வந்து இந்த ஊரில் குடியேறிய வைகிங்குகளின் மொழியில் தெருவுக்கு அதுதான் சொல். ஃபாஸ் என்பது ஆற்றின் பெயர், ஆகவே ஃபாஸ்கேட் என்றால் ஃபாஸ் ஆற்றுத் தெரு. இரண்டு பக்கமும் கடைகள். நடுவில் ஒரு குறுகிய கல் வாயில், மேலே வண்ணச் சின்னம். தெருவைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள், கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள்.

'அட்வென்ச்சரர்' என்றால் சாகசக்காரரா?

இல்லை. இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொண்டு உள்ளே போனால் பாதிக் கூடம் பேசத் தொடங்கிவிடும். அந்தக் காலத்து வழக்கில், தன் பணத்தைக் கடல் கடந்து போகும் சரக்கில் போட்டுத் துணிபவர்தான் அட்வென்ச்சரர். கப்பல் கவிழலாம், கொள்ளைபோகலாம், போய்ச் சேரும் துறைமுகத்தில் விலை சரிந்திருக்கலாம். வந்தால் லாபம், போனால் முதலும் போச்சு.

வாயிலில் உள்ள சின்னத்தோடு பழைய பிரெஞ்சில் ஒரு வாசகம் இருக்கிறது. 'கடவுள் எங்களுக்கு நல்ல பேறு அருளட்டும்' என்று அதற்குப் பொருள். 'பேறு' என்று நான் எழுதிய இடத்தில் அங்கே இருக்கும் சொல் 'அவென்த்யூர்'. அட்வென்ச்சரர் பிறந்ததும் அதே வேரிலிருந்துதான். சரக்கை ஏற்றி அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருப்பவரின் பிரார்த்தனை அது. கடைப் பலகைக்கு மேலே 'லாபம்' என்று எழுதிக் கணக்கைத் தொடங்கும் நம் வீட்டு மனிதர்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கில்டு என்பது என்ன? நம் ஊரில் அப்படி ஏதாவது இருந்ததா?

ஒரே தொழில் செய்கிறவர்கள் சேர்ந்து கட்டுப்பாடு வகுத்து நடத்திய சங்கம் கில்டு. யார் அந்தத் தொழிலில் இறங்கலாம், எத்தனை ஆண்டு பழகிய பிறகு தனியே கடை வைக்கலாம், எடையும் அளவும் சரியாக இருக்கின்றனவா, தரம் குறைந்த சரக்குக்கு என்ன தண்டம் என்பதையெல்லாம் சங்கமே முடிவு செய்தது. உறுப்பினர் நொடித்துப்போனால் கைகொடுத்தது, இறந்தால் அடக்கத்துக்கு நின்றது. வெளியாளை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டதும் அதே சங்கம்தான். நல்லதையும் அடைப்பையும் பிரித்துப் பார்க்க முடியாது, இரண்டும் சேர்ந்ததுதான் கில்டு.

தமிழகத்தில் ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுக்கள் இருந்தன. ஐந்நூற்றுவர் 1088-இல் சுமத்ரா தீவின் பரூஸ் பகுதியில் தமிழிலேயே கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். யார்க்கில் இந்தக் கூடத்துக்கு அடித்தளம் தோண்டுவதற்கு ஏறக்குறைய 270 ஆண்டு முன்னால் நடந்தது அது. நம் குழுக்களைப் பெரும்பாலும் கல்வெட்டு எழுத்து வழியாகத்தான் அறிகிறோம். யார்க்கிலோ அவர்கள் கூடி உட்கார்ந்து வழக்குப் பேசிய தரைப்பலகை மேலேயே நாம் நடக்கலாம். எனக்கு அந்தக் கூடம் அவ்வளவு பிடித்துப்போனதற்கு இதுவும் காரணம். கல்லில் படித்த சங்கம் ஒன்று எப்படி மூச்சுவிட்டு வாழ்ந்திருக்கும் என்று அங்கே நின்றால் ஊகிக்க முடிகிறது.

யார் கட்டினார்கள்?

யார்க்கின் செல்வாக்குள்ள ஆண்களும் பெண்களும் சேர்ந்து முதலில் ஒரு பக்திச் சபையாகத்தான் தொடங்கினார்கள். இயேசுவின் பெயராலும் கன்னி மரியாளின் பெயராலும் அமைந்த சபை அது. 1357-க்கும் 1361-க்கும் இடையில் கூடம் எழுந்தது. அவர்களில் பலர் துணி, கம்பளி வியாபாரம் செய்தவர்கள். நம் வழக்கில் ஜவுளிக்காரர்கள். 1430-இல் ஆறாம் ஹென்றி மன்னர் அவர்களை ஜவுளி வணிகர் சங்கமாக ஏற்றுச் சாசனம் கொடுத்தார். 1581-இல் முதலாம் எலிசபெத் அரசி இன்னொரு சாசனம் கொடுத்தபோதுதான் 'மெர்ச்சன்ட் அட்வென்ச்சரர்ஸ்' என்ற பெயர் நிலைத்தது.

ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். பிளேக் என்னும் பெருங்கொள்ளை நோய் யார்க்கை 1349-இல் தாக்கியது. தெருக்கள் காலியாகின. அது நடந்து எட்டே ஆண்டில் இந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு பெரிய கூடத்துக்குக் கால் நட்டார்கள். வீட்டுக்கு ஒருவரையாவது புதைத்தவர்கள் கட்டிய கட்டடம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போங்கள். தொழுகையும் ஏழையர் பராமரிப்பும் வியாபாரத்தோடு ஏன் இவ்வளவு நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது விளங்கும்.

உள்ளே எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கீழே இருந்து. முடிந்தவரை மேல் கூடத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டடம் மூன்று இடங்களால் ஆனது. மேலே வணிகர் கூடிய பெரிய கூடம். அதற்கு நேர் கீழே, கல்லும் செங்கலும் சேர்ந்த சுவர்களுக்குள், தாழ்ந்த உத்தரங்களோடு ஒரு கீழ்த்தளம். அந்தக் கீழ்த்தளத்தை ஒட்டினாற்போல் ஒரு சிற்றாலயம். கீழ்த்தளம் சரக்குக் கிடங்கு என்றுதான் பார்த்தவுடன் யாருக்கும் தோன்றும். அது ஏழை முதியவர்களும் நோயாளிகளும் தங்கிய இல்லம். 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1900 வரை அங்கே ஆட்கள் வாழ்ந்தார்கள். ஐந்நூறு ஆண்டுக்கும் மேலாக, மேலே சரக்குப் பேச்சும் காலடிச் சத்தமும், கீழே படுக்கையில் இருமிக்கொண்டு யாரோ.

என் அம்மா அங்கே போனபோது நடுவரிசைத் தூண் ஒன்றில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன், கோடரி செதுக்கிய தடம் அலை அலையாக விரலுக்குப் படும். "இங்கே படுத்திருந்தவர்களுக்குச் சாயக் கிடைத்தது இதுதானே" என்றார். எந்தத் தகவல் பலகையிலும் எழுதியிராத வரி அது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நானும் அந்தத் தூணைத் தொட்டுவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன்.

கீழ்த்தளத்தில் வெள்ளம் வருமாமே?

வரும். பக்கத்தில் ஓடுகிற ஃபாஸ் ஆறு சற்றுத் தள்ளிப் போய் ஊஸ் ஆற்றில் கலக்கிறது. ஊஸில் வெள்ளம் ஏறினால் ஃபாஸ் எதிர்த்துத் திரும்பும். அதைத் தடுக்க 1980களில் சங்கமத்துக்கு அருகே தடுப்பணை கட்டினார்கள், ஆனாலும் 2015 டிசம்பரில் ஃபாஸ் கரையோரப் பகுதிகள் மூழ்கின. கனமழைக் காலத்தில் போவதாக இருந்தால் கூடம் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லும்போது மனதில் ஒரு நெருடல் வந்துவிடுகிறது. ஆற்றோரம், தாழ்ந்த தரை, ஈரச் சுவர், அங்கேதான் ஏழைகளுக்கு இடம். பணக்காரர் கட்டிய தர்மம் பணக்காரருக்குக் கீழேதான் இருந்தது. அதே நேரம், நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அந்த இல்லத்தை மூடாமல் நடத்தியவர்களும் அவர்களே. இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன். ஒன்றைக் கொண்டு மற்றதை மறைத்தால் கூடத்துக்கு நியாயம் செய்ததாகாது.

மேல் கூடத்தின் நடுவில் ஏன் வரிசையாகத் தூண்கள்? மறைக்கிறதே?

அந்த அகலத்துக்கு ஒரே பாய்ச்சலில் கூரை போட முடியவில்லை என்பதுதான் காரணம். ஓக் மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவுதான் உத்தரம் கிடைக்கும். ஆகவே தச்சர்கள் கூடத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, நடுவில் தூண் வரிசை நிறுத்தி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கூரைகள் எழுப்பினார்கள். கூடத்தின் ஒரு கோடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டு படகுகளைக் கவிழ்த்து அருகருகே வைத்ததுபோல் தெரியும்.

தரை ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கும், சில உத்தரங்கள் முறுக்கிக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் ஓக் மரத்தை வெட்டிய ஈரத்தோடேயே இழைத்துப் பொருத்திவிடுவார்கள். காய்ந்தால் அது இரும்புபோல் இறுகிவிடும், உளி இறங்காது. ஒரு மரத்தில் துளை, மற்றதில் அதற்கேற்ற நாக்கு, இரண்டையும் சேர்த்து மர ஆணி அடிப்பது என்பதுதான் முறை. பொருத்திய பிறகு பல ஆண்டுகள் மெல்லக் காய்ந்து, சுருங்கி, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அந்த முறுக்கல்தான் கட்டடத்தை இறுக்கியது. தச்சு வேலை தெரிந்தவர் யாராவது உங்களுடன் வந்தால் அவரை அவசரப்படுத்தாதீர்கள், மூட்டுகளைப் பார்க்கவே அவருக்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

பொருள்கள் என்னென்ன இருக்கின்றன?

பழைய மேசை நாற்காலிகள், வெள்ளிச் சாமான்கள், சங்கத் தலைவர்களின் ஓவியங்கள், எடைக்கற்கள், அளவைகள், ஆவணங்கள். எண்ணிக்கையில் பெரிய தொகுப்பு அன்று. கண்ணாடிப் பேழைகளை எதிர்பார்த்துப் போகிறவர்கள் "இவ்வளவுதானா" என்று திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேழைக்குள் தேடியது சுவரிலும் தரையிலும் கூரையிலும் இருக்கிறது.

இரண்டின் முன்னால் மட்டும் நின்று பாருங்கள். ஒன்று, பத்திரங்களைப் பூட்டி வைத்த பழைய மரப் பெட்டி. கட்டடத்தைவிட அதற்கு வயது அதிகம். நிலப் பத்திரம், சாசனம், ஒப்பந்தம் என்று சங்கத்தின் உயிர்நாடி அதற்குள்தான் இருந்தது. அந்தப் பூட்டு உடைந்திருந்தால் இந்தச் சங்கத்தைப் பற்றி இன்று ஒன்றும் எழுத முடியாது.

மற்றது, எடைக்கற்கள். என் அப்பா இளவயதில் மதுரையில் மொத்தவியாபாரக் கடை ஒன்றில் கணக்குப் பார்த்தவர். ஓவியங்களையும் வெள்ளியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நகர்ந்தவர், எடைக்கற்களிடம் வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டார். சந்தைக்கு வரும் விவசாயி தராசைப் பார்ப்பதில்லை, தராசு பிடிக்கிறவன் முகத்தைத்தான் பார்ப்பான் என்று அவர் அடிக்கடி சொல்வார். யார்க் சங்கத்துக்கும் அது தெரிந்திருந்தது. ஓர் உறுப்பினரின் கள்ள எடை அகப்பட்டால் போவது ஊர் முழுவதின் பெயர். அதனால்தான் எடை பார்ப்பது சங்கத்தின் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

என்ன வியாபாரம் செய்தார்கள்? எவ்வளவு தூரம் போனார்கள்?

இங்கிலாந்தின் கம்பளியும் கம்பளித் துணியும் வெளியே போயின. பிரான்சின் பொர்தோவிலிருந்து ஒயின், பால்டிக் கடற்கரையிலிருந்து மரமும் சணல் நாரும் மெழுகும், நெதர்லாந்துப் பக்கத்திலிருந்து நேர்த்தியான துணிகளும் சாயப் பொருள்களும் உள்ளே வந்தன. யார்க் கடலோர ஊர் அன்று. சரக்கு ஊஸ் ஆற்றில் படகேறி ஹல் துறைமுகம் போய், அங்கிருந்துதான் கடல் கப்பல்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா?

சென்னையிலிருந்து வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. யார்க் சங்கம் ஐரோப்பாவோடு நின்றது, நம் கரைக்கு வரவில்லை. ஆனால் சாசனம் கொடுத்த கை ஒன்றே. 1581-இல் யார்க் வணிகருக்குச் சாசனம் கொடுத்த அதே எலிசபெத் அரசிதான் 1600 டிசம்பர் 31-இல் லண்டன் வணிகர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கான சாசனத்தையும் கொடுத்தார். அந்தக் கம்பெனி 1639-இல் சென்னையில் நிலம் பெற்றது. பிறகு நடந்தது நம் வரலாறு.

இரண்டுக்கும் நடுவே அடிப்படையான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. யார்க்கில் ஒவ்வொரு வணிகரும் தம் சொந்தப் பணத்தைப் போட்டார், தம் சரக்குக்குத் தாமே பொறுப்பு. விதி மட்டும் பொது. கிழக்கிந்தியக் கம்பெனியிலோ எல்லாருடைய பணமும் ஒரே குவியலாகச் சேர்ந்தது, லாபம் பங்குக்கு ஏற்பப் பிரிந்தது. பங்கு போட்டவர் சரக்கைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, அது எந்த ஊரில் யாரிடமிருந்து எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. யார்க் கூடத்தில் நின்றால் ஒருவரையொருவர் முகம் பார்த்து நடந்த வியாபாரம் தெரிகிறது. கீழ்த்தளத்து நோயாளியையும் கள்ள எடையையும் அவர்கள் நேரில் பார்க்க வேண்டியிருந்தது. அந்த முகம் மறைந்த பிறகு வியாபாரம் எவ்வளவு தூரம் போனது என்பதைக் கோட்டைச் சுவர் பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெண்களுக்குச் சங்கத்தில் இடம் இருந்ததா?

தொடக்கச் சபையிலேயே பெண்கள் இருந்தார்கள். கணவர் இறந்தபின் அவர் வியாபாரத்தை எடுத்து நடத்திய பெண்களும் உண்டு. மேரியன் கென்ட் என்ற கைம்பெண் 1470களில் சங்கத்தின் ஆலோசனைக் குழுவிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் ஓர் விதிவிலக்கு, எல்லாப் பெண்களுக்கும் அந்த இடம் கிடைத்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மேல் கூடத்துச் சுவர் முழுக்க ஆண்களின் ஓவியங்களாகப் பார்த்துக்கொண்டே வரும்போது அந்தப் பெயரை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

சிற்றாலயத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

சிறிய இடம்தான். மூவொரு கடவுளின் பெயரால் 1411-இல் அர்ச்சிக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் படுத்திருப்பவர்கள் எழுந்து நடக்க முடியாதவர்கள் என்பதால், ஆலயம் அவர்களுக்குப் பக்கத்திலேயே திறந்தது. இறந்த உறுப்பினர்களின் ஆன்மாவுக்காகவும் அங்கே மன்றாடினார்கள். 1547-இல் வந்த சட்டம் நாடு முழுவதும் இத்தகைய பூசைகளை நிறுத்தியது. பூசை நின்றது, ஏழையர் இல்லம் நிற்கவில்லை. உள்ளே போனால் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், இன்றும் வழிபாடு நடக்கும் இடம் அது.

ஜவுளி வணிகர்கள் நாடகம் போட்டார்களாமே, உண்மையா?

உண்மை. என்னைக் கேட்டால் இந்தக் கூடத்தின் திறவுகோல் இந்தக் கதைதான்.

நடுக்கால யார்க்கில் கிறிஸ்துவின் திருவுடல் விழா அன்று உலகப் படைப்பிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை நாற்பத்தெட்டு நாடகங்கள் நடந்தன. ஒவ்வொரு தொழில் சங்கத்துக்கும் ஒரு நாடகம். கப்பல் கட்டுபவர்களுக்கு நோவாவின் பேழை கட்டும் காட்சி என்பதுபோல் பொருத்தமும் இருந்தது. ஒவ்வொரு நாடகத்துக்கும் சக்கர வண்டி ஒன்று. அதுதான் மேடை. விடியுமுன் புறப்பட்டு, தெருவில் குறித்த இடங்களில் எல்லாம் நின்று, ஆடி, அடுத்த இடத்துக்கு இழுத்துப் போவார்கள். தேர் நிலைக்கு வந்து நின்று புறப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி கண்முன் வந்துவிடும்.

ஜவுளி வணிகர்களுக்கு விழுந்தது கடைசி நாடகம், இறுதித் தீர்ப்பு. அவர்களின் வண்டியிலும் உடைமைகளிலும் என்னென்ன இருந்தன என்ற 1433-ஆம் ஆண்டுப் பட்டியல் சங்கத்தின் பத்திரங்களில் பிழைத்து வந்திருக்கிறது. நாலு சக்கர வண்டி, நரகத்தின் வாய், மூன்று சாத்தான்களுக்கு உடை, மூன்று முகமூடிகளில் ஆறு முகங்கள். முன்னும் பின்னும் முகமுள்ள சாத்தான்கள் என்று புரிந்துகொள்ளலாம். நல்ல ஆன்மாக்களுக்கும் கெட்ட ஆன்மாக்களுக்கும் தனித்தனி உடை. சிவந்த மேகங்கள், பொன் நட்சத்திரங்கள். கடவுள் உட்கார்ந்து விண்ணுக்கு ஏறுவதற்கு இரும்பு இருக்கை ஒன்று, நாலு மூலையிலும் நாலு கயிறு. வானத்தில் ஓடுவதற்குச் சிவப்பு வண்ணம் பூசிய சின்னஞ்சிறு தேவதைகள் ஒன்பது. கூடவே அந்தத் தேவதைகளை ஓட வைக்க ஒரு நீளமான மெல்லிய கயிறு.

கணக்குப்பிள்ளை மனம் வேலை செய்திருக்கிறது பாருங்கள். தேவதையை எழுதியவர் கயிறை விடவில்லை.

அந்த நாடகத்தில் தீர்ப்பு எதைக் கேட்கிறது? நற்செய்தியில் உள்ள அதே கேள்விகளைத்தான். பசித்திருந்தேன், சோறு போட்டாயா? நோயுற்றிருந்தேன், பார்க்க வந்தாயா? தங்க இடமில்லாமல் நின்றேன், இடம் கொடுத்தாயா? எத்தனை கப்பல் அனுப்பினாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஊரிலேயே வசதி படைத்த வணிகர்கள் ஊர் பார்க்க இந்தக் கேள்விகளை ஆண்டுதோறும் தங்கள் வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக இழுத்துப் போனார்கள், பிறகு திரும்பி வந்து கீழே நோயாளிகள் படுத்திருக்கும் கூடத்தின் மேல் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். பயத்தால் செய்தார்களோ, பக்தியால் செய்தார்களோ, மனமறிந்து செய்தார்கள். கூடத்தின் மூன்று இடங்களையும் நாடகம் ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

பட்டியல் காட்சியில் இருக்கும் என்று நினைத்துப் போக வேண்டாம், ஆவணக் காப்பகத்துப் பொருள் அது. நாடகங்கள் 1569-க்குப் பிறகு நின்றுபோய், 1951-இல் புத்துயிர் பெற்றன. அண்மைக் காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வண்டிகளிலேயே மறுபடி ஆடுகிறார்கள்.

இப்போது கூடம் யாருடையது? அரசுடையதா?

இல்லை. அதே சங்கம்தான் இன்னும் வைத்திருக்கிறது, பராமரிக்கிறது, கூட்டமும் நடத்துகிறது. அருங்காட்சியகமாக மாறிய பழைய கூடம் என்பதைவிட, இன்னும் வேலையில் இருக்கும் கூடத்துக்குள் நம்மை அனுமதிக்கிறார்கள் என்பதே சரி.

எந்த நாள் போகலாம்? எவ்வளவு நேரம் வேண்டும்?

திருமணங்களுக்கும் விருந்துகளுக்கும் கூடத்தை வாடகைக்கு விடுவதால் சில நாள்களில் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை, சில நாள்களில் சீக்கிரம் மூடுவார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்களின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். நுழைவு டிக்கெட் உண்டு, கட்டணத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். வார நாளில் காலையில் போவது நல்லது. ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம், இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் உட்கார்ந்து பார்க்கலாம். உட்காரத்தான் சொல்வேன்.

வயதானவர்களை, சக்கர நாற்காலியில் உள்ளவர்களை அழைத்துப் போக முடியுமா?

ஆறரை நூற்றாண்டுக் கட்டடம் என்பதால் தளங்கள் ஏறி இறங்கும், மேல் கூடத்துத் தரை சமமாக இராது. உங்கள் தேவையைச் சொல்லி முன்கூட்டியே எழுதியோ தொலைபேசியிலோ கேட்டுவிடுங்கள், எந்த வழியாக வருவது வசதி என்று சொல்வார்கள். குளிர்காலமானால் பெரியவர்களுக்கு ஒரு சால்வை அதிகமாக எடுத்துப் போங்கள். கீழ்த்தளத்தின் ஈரக் குளிர் எலும்புக்குள் இறங்கும்.

குழந்தைகளுக்குச் சலிப்பாக இருக்காதா?

வேலை கொடுத்தால் சலிக்காது. மர ஆணிகளை எண்ணச் சொல்லுங்கள், செதுக்கிய முகங்களைத் தேடச் சொல்லுங்கள். என் அக்கா மகளுக்கு ஒன்பது தேவதைகளையும் நீளக் கயிறையும் ரயிலில் வரும்போதே சொல்லியிருந்தேன். மேல் கூடத்தில் நின்று, எந்த உத்தரத்திலிருந்து கயிறைக் கட்டினால் தேவதைகள் நன்றாக ஓடும் என்று அவள் திட்டம் போட்டாள். வண்டி தெருவில் ஓடியது என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் கூரை அப்படி.

பக்கத்தில் இதுபோல் வேறு கட்டடங்கள் உண்டா?

யார்க்கில் நடுக்காலச் சங்கக் கூடங்கள் இன்னும் சில நிற்கின்றன. ஆல்ட்வார்க்கில் தையல் வணிகர்களின் கூடம், பீஸ்ஹோம் கிரீனில் புனித அந்தோனியார் கூடம். ஊஸ் கரையிலுள்ள கில்டுஹால் 1942 ஏப்ரலில் ஜெர்மானியர் குண்டு வீச்சில் எரிந்து, பிறகு மறுபடி எழுந்தது. ஒரு தீப்பொறி இந்தப் பக்கம் வந்திருந்தால் நாம் பேசிக்கொண்டிருக்கும் ஓக் கூரை இருந்திருக்காது.

நேரம் இருந்தால் நாடக வண்டிகள் போன வழியிலேயே நடந்து வாருங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கமாக மிக்கிள்கேட்டில் தொடங்கி, ஊஸ் பாலம் தாண்டி, கோனி தெரு, ஸ்டோன்கேட், பேராலய வாயில், பீட்டர்கேட் வழியாகப் பேவ்மென்ட் வரை. அதுதான் கடைசி நிலை. காலையில் உலகத்தைப் படைத்தவர்கள் அங்கே வந்து முடிக்க, ஜவுளிக்காரர்களின் வண்டி வரும்போது நன்றாக இருட்டியிருக்கும். தீப்பந்த வெளிச்சத்தில் சிவப்புத் தேவதைகள் ஓடியிருப்பார்கள். அங்கிருந்து ஆற்றை நோக்கி இறங்குகிற தெருதான் ஃபாஸ்கேட்.